ராக்கன் வீட்டுக் காளாஞ்சி

1956-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில், பகல் பதினொரு மணி வாக்கில், நானும் என் மனைவி பிரகதாம்பாளும் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். கந்தர்வக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் மாட்டு வண்டி. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் யாரும் எனக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. அவர்களைத் தேடிக்கொண்டு யாரும் போக வேண்டாம்.

எனக்கு சர்வேயர் உத்தியோகம். சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு, நிலங்களைத் திரும்ப அளக்கிற வேலை ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. ஊரார் எல்லைக்கெல்லாம் கல் நட்டுக் கொடுத்த எனக்கு, சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. கல்யாணமான ஐந்து வருஷத்தில் இது நான்காவது வாடகை வீடு. இதைச் சொல்லிச் சிரிப்பது என் வழக்கம். பிரகதாம்பாள் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வதை விராலிமலையோடு நிறுத்திவிட்டாள்.

விராலிமலையில் எங்கள் முதல் குழந்தை நான்கு மாதத்தில் காய்ச்சல் கண்டு போனது. நான் அன்றைக்கு அளவு வேலையாக வெளியூர்க் கேம்ப்பில் இருந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் தெரு முழுக்க ஓடியிருக்கிறாள். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம்: "யாரும்மா நீங்க? எந்த வீடு?" இன்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், இன்னார் மனைவி என்று இவள் ஒவ்வொரு வாசலிலும் சொல்லி முடித்து, ஒருவர் வண்டி பூட்டிக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எட்டு மாதம் அந்தத் தெருவில் இருந்தும் அவள் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். இரண்டு மாதம். இந்தத் தெருவாவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

வீடு பெரிய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேற்குப் பக்கம் இரண்டு அறை. ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு என்று சொன்னார்கள். ஆனாலும் உள்ளே நுழைந்தபோது பூட்டிக் கிடந்த வீட்டின் நாற்றம் இல்லை. யாரோ இப்போதுதான் சுருட்டுக் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போன மாதிரி இருந்தது.

வீட்டை எங்களுக்கு விட்டவர் சேவுகன். அறந்தாங்கியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இந்த வீடு அவருடைய தாய்மாமன் ராக்கனுடையது. ராக்கனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் இறந்து போனார் என்று சேவுகன்தான் சொன்னார்.

"அந்த ஓரத்து ரூமை மட்டும் விட்டுருங்க. மாமா சாமானெல்லாம் கெடக்கு" என்றார் சேவுகன்.

"சாவி ஒங்ககிட்ட இருக்குல்ல?"

"சாவி மாமாகிட்டதாங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வீட்டுக்காரர்கள் ஒரு அறையைப் பூட்டிக்கொள்வது எனக்குப் பழகிப்போன விஷயம். நான்கு வீட்டிலும் அப்படித்தான்.

தெருக்காரர்கள் எங்களிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். "சர்வேயரய்யா, சௌக்கியங்களா?" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பிரகதாம்பாள் ஒரு நாள் கொழுக்கட்டை செய்து பக்கத்து வீட்டு மூக்காயி அம்மாளுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் கிண்ணம் பளபளவென்று துலக்கித் திரும்பி வந்தது, வெறும் கிண்ணமாக. அண்டை அயலில் பழகுகிறவர்கள் வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது, இரண்டு வாழைக்காயாவது போட்டுத்தான் தருவார்கள். அவள் அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஆனால் வீட்டுக்குச் சாமான் வராமல் இல்லை. முதல் பறிப்பு நிலக்கடலை, முதல் பூசணிக்காய், கன்று போட்ட வீட்டுச் சீம்பால் எல்லாம் வந்தன. கொண்டுவருகிறவர்கள் நிலைப்படிக்குள் ஒரு அடி வைத்து, மேற்குப் பக்கம் பார்த்து, "ராக்கண்ணே, வச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிரகதாம்பாள் பக்கத்தில்தான் நிற்பாள். அவளைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"செத்தவரு பேர்ல எதுக்குங்க இதெல்லாம்?" என்று மூக்காயி அம்மாளிடம் கேட்டேன்.

"வீடு அவருதுதானே" என்றாள்.

அந்த நிலக்கடலையை நாங்கள் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் பார்த்தபோது, பூட்டிய அறையின் வாசலில் வெறும் தோல் மட்டும் கிடந்தது. எலி என்றேன் நான். எலி கடலையை உரித்து, தோலை ஒரு பக்கமாகக் குவித்து வைக்காது என்பது எனக்கும் தெரியும். அவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன். அவளும் என்னைப் பயமுறுத்த வேண்டாமென்று சும்மா இருந்திருக்கிறாள். நான் அளவுக்குப் போயிருக்கும் உச்சிவேளைகளில் அந்த அறைக்குள் நார்க்கட்டில் கிறீச்சிடுவதை அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடுதான் சொன்னாள்.

சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் முளைப்பாரி எடுத்தார்கள். பிரகதாம்பாள், புதுப்புடவை கட்டிக்கொண்டு, எடுக்க ஒன்றும் இல்லாமல் வாசலில் நின்று பார்த்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஊர்வலத்தில் போன ஒருத்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள். இவள் பதிலுக்குச் சிரிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்து, கோயில் பந்தலில் காளாஞ்சி கொடுத்தார்கள். சாமிக்கு வைத்த தேங்காய் மூடி, வெற்றிலை, பழம், கொஞ்சம் திருநீறு. பொருள் பெரிதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பதுதான் பெரிது. தெருவில் சொந்த வீடு உள்ள குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு. மொத்தம் நாற்பத்தொரு தலைக்கட்டு. அழகுமலை என்கிற பெரியவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அந்தந்த வீட்டுக்காரர் எழுந்து போய் வாங்கிக்கொண்டார். வாடகைக்கு இருக்கிறவர்களுக்குத் தலைக்கட்டு கிடையாது. நான் ஓரமாக, பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ராக்கன்" என்று கூப்பிட்டார் அழகுமலை.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"ராக்கன்."

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. ஒவ்வொரு வருஷமும் மூன்று முறை கூப்பிடுவார்கள், பிறகு அந்தக் காளாஞ்சியை அம்மன் காலடியிலேயே திருப்பி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பெண்கள் பக்கத்தில் பிரகதாம்பாள் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறாள் என்பதுதான். நாங்கள் குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதை வாங்க ஆள் இல்லை என்று போகிறது. இதை வாங்கிவிட்டால் நாங்களும் இந்தத் தெருவில் ஒரு வீடு ஆகிவிடுவோம் என்று நினைத்தேன். அவ்வளவு எளிதாக நினைத்துவிட்டேன்.

"ராக்கன்."

"நான் வாங்கிக்கிறேங்க" என்று முன்னால் போனேன்.

மேளம் நின்றது.

அழகுமலை என் முகத்தைப் பார்த்தார். "யார் பேருக்கு வாங்குறீங்க, சர்வேயரய்யா?"

"அவரு பேருக்குத்தான். கொண்டு போயி வீட்டுல சேக்குறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"கொடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவர் தட்டை என் கையில் வைத்துவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிரகதாம்பாள் என்னோடு ஒட்டி நடந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காளாஞ்சித் தட்டை அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டு, இருவரும் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனோம். திரும்பி வந்தபோது மாடத்தில் தட்டு இல்லை.

ஓரத்து அறையின் பூட்டு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பகல் இரண்டு மணி. முற்றத்தில் வெயில் கண்ணைப் பறித்தது. அந்த அறைக்குள் மட்டும் வெளிச்சம் போகவில்லை.

கதவைத் தள்ளினேன். ஒரு நார்க்கட்டில், கொடியில் ஒரு வேட்டி, மூலையில் ஒரு கைத்தடி. கட்டிலில் காளாஞ்சித் தட்டு இருந்தது. தேங்காய் மூடி சுரண்டப்பட்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் கட்டில் கயிறு ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளமாக இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பள்ளம் மெதுவாக மேலே எழும்பிக் கயிறு சமமானது.

என்னைக் கடந்து யாரோ வெளியே போனார்கள்.

காற்றுக்கூட அசையவில்லை. சுருட்டு வாடை மட்டும் என் முகத்துக்கு நேரே வந்து, விலகி, கூடத்துப் பக்கம் போனது.

மறுநாள் காலையிலிருந்து தெரு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. மூக்காயி அம்மாள் கிண்ணம் நிறையப் பணியாரம் கொண்டுவந்தாள். பிச்சையம்மாள் என்று ஒருத்தி, பிரசவம் பார்க்கிறவள், தானாக வந்து பிரகதாம்பாளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பயப்படாத பெரகதம், நாங்க இருக்கோம்" என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மத்தியானம் நாலு பெண்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பேன் பார்த்தார்கள். அவள் வாய்விட்டுச் சிரிப்பது தெருமுனை வரை கேட்டது. நான் ஆசைப்பட்டது எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

என்னிடம் மட்டும் அவர்கள் வேறு ஒன்று கேட்டார்கள்.

"சர்வேயரய்யா, ராக்கண்ணன் உள்ளயா இருக்காரு?"

முதலில் கேலி என்று நினைத்தேன். கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள், அவர்கள் என் தோளுக்கு மேலாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, "சரிண்ணே, அப்பறமா வாரேன்" என்று போய்விடுவார்கள்.

ஒரு வாரம் கழித்து, சாப்பிடக் கூப்பிட்டாள் பிரகதாம்பாள். இரண்டு இலை போட்டிருந்தாள். நான் வழக்கமாக உட்காரும் தூணடியில் உட்காரப் போனேன்.

"அங்கிட்டு உக்காருங்க" என்றாள், சாதாரணமாக.

"இந்த எலை யாருக்கு?"

"அவருக்கு."

அவள் அந்த இலையில் முதலில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பிறகு எனக்கு. நான் தலையைத் தூக்காமல் என் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டேன். பக்கத்தில் சோறு பிசையும் சத்தம் கேட்டது. சாப்பிட்டு எழுந்தபோது அந்த இலை மடித்திருந்தது.

அன்று சாயங்காலமே அழகுமலை வீட்டுக்குப் போனேன். "அந்தப் பேரை எடுத்துடுங்க. நான் தெரியாமச் செஞ்சிட்டேன்" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எடுக்கணும்னா வீட்டுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் வந்து நின்னு, எம்பேரைப் போடுங்கன்னு சொல்லணுங்க. சேவுகன் ஆறு வருஷமா வரலை. அதனாலதான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருப்பி வச்சோம். திருப்பி வைக்கிற வரைக்கும் அவரு அந்த ரூம்போட இருந்தாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கையில வாங்கிட்டீங்க. அவரு வீட்டுல அவரு பேரைச் சொல்லிச் சேத்துட்டீங்க. இப்ப அவரு தலைக்கட்டு. ஒங்களுக்காக நான் அவரைப் போகச் சொல்ல முடியுமா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். சேவுகன் கடையில் கூட்டம் இல்லை. வீட்டை நானே வாங்கிக்கொள்கிறேன், கடன் பட்டாவது வாங்கிக்கொள்கிறேன் என்றேன். என் பெயர் அந்த வீட்டுக்கு வந்தால் அவர் பெயர் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சேவுகன் என்னை விநோதமாகப் பார்த்தார். "மாமா இருக்கும்போது நான் எப்படிங்க விக்கிறது?"

"ஒங்க மாமா செத்து ஆறு வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா?" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. "போன வாரங்கூடச் சொல்லி அனுப்புனாரே, வீட்டுல புள்ளத்தாச்சி இருக்குது, நல்ல பனவெல்லமா ஒரு சிப்பம் அனுப்பிவைன்னு."

 கல்லாவுக்கு முன்னால் நின்று அழுதேன். அவர் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

பிரகதாம்பாளை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். மெடிக்கல் லீவு, மாற்றல், எதுவானாலும் சரி. பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"எங்க போறது?" என்றாள்.

"எங்கயாவது. வேற வீட்டுக்கு."

"வேற வாடகை வீட்டுக்கு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "விராலிமலையில எத்தன கதவு தட்டுனேன்னு ஒங்களுக்குத் தெரியாதுங்க. பதினாலு. இங்க நான் கூப்பிடுறதுக்கு முந்தி வந்து நிக்கிறாங்க. எங்கயும் வரமாட்டேன்."

"உள்ள இருக்கிறது யாருன்னு தெரியும்ல?"

"தெரியும்" என்றாள். "அவரு இருக்கிறதுனாலதானே வாராங்க."

 அன்றைக்குக் கேம்ப்பில் இருந்தவன் நான். பெட்டியைத் திரும்பப் பரணில் போட்டேன். நான் கொடுக்க முடியாததை அந்த வீடு அவளுக்குக் கொடுத்தது. அதைத் தடுக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. இப்போதும் அதே கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

ஆவணியில் என்னைப் பத்து நாள் கேம்ப்புக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். "ஒடம்பைப் பாத்துக்கங்க" என்றாள். அவள் என் மனைவியாக என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

எட்டாம் நாளே, மனசு கேட்காமல், அளவுச் சங்கிலியை ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தேன். தெருவே எங்கள் வாசலில் நின்றது. எல்லோர் முகத்திலும் சந்தோஷம். மூக்காயி அம்மாள் சர்க்கரைத் தட்டோடு எதிரே வந்தாள்.

"ராக்கண்ணனுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. எடுத்துக்கங்க, சர்வேயரய்யா."

நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஓரத்து அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. நார்க்கட்டிலில் பிரகதாம்பாள் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் குழந்தை. என்னைக் கண்டதும் அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். வெளி ஆள் வந்தால் மூடுவது போல.

"வாங்க" என்றாள்.

"பிரகதம்."

"ஒங்க பெட்டி, புஸ்தகம் எல்லாத்தையும் முன்கூடத்துல எடுத்து வச்சிருக்காங்க. ஒண்ணும் கொறையலையான்னு பாத்துக்கங்க."

"என்னைத் தெரியலையா?"

"தெரியாம என்னங்க. நீங்க சர்வேயர்தானே. இங்க வாடகைக்கு இருந்தீங்க."

அவள் கண்ணில் கள்ளம் இல்லை. பயம் இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம்கூட இருந்தது. கட்டிலின் மறு ஓரத்தில் கயிறு பள்ளமாக இறங்கியிருந்தது. குழந்தையின் விரல்கள் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு இருந்தன.

நான் கத்தினேன். அழகுமலையும் இன்னும் இரண்டு பேரும் வந்து, தோளைத் தொட்டு, மரியாதையாக என்னை வெளியே அழைத்துப் போனார்கள். என் பெட்டியை அவர்களே வண்டியில் ஏற்றினார்கள். வழியில் சாப்பிடப் பணியாரம் கட்டிக் கொடுத்தார்கள். போலீசில் போய் என்ன சொல்வது? மனைவி சொந்த வீட்டில், ஊரார் தாங்க, சௌக்கியமாக இருக்கிறாள் என்றா? ஆபீசில் இருந்த என் சர்வீஸ் புத்தகத்தில் 'மனைவி' என்ற இடத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. எழுதி அழித்த தடம்கூட இல்லை.

ஒன்றரை வருஷம் எங்கெங்கோ அளந்தேன். 1958 தை மாதம், திருமயத்தில் நான் குடியிருந்த அறைக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. பிரகதாம்பாளின் கையெழுத்து. குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். தனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பதால், பழகிய மனிதரான நான் தாய்மாமன் முறைக்கு வந்து நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

பெற்ற குழந்தைக்கு மாமனாக நிற்க எவன் போவான்? நான் போனேன். ஒரு பட்டுப்பாவாடையும் ஒரு ஜோடித் தோடும் வாங்கிக்கொண்டு போனேன். என் மகளை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி கிடையாது.

கோயில் பந்தலில் நல்ல வெயில். நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. விராலிமலையில் போன குழந்தையின் அதே நெற்றி. நாவிதர் தலையை நனைத்துச் சிரைத்தார். ஈர மயிர் கொத்துக்கொத்தாக என் வேட்டியில் விழுந்தது. ஆசாரி காதில் ஊசியை வைத்ததும் வீறிட்டாள். நான் இறுக்கி அணைத்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"அப்பா."

எனக்குப் பின்னால் பந்தக்கால் மட்டும்தான் இருந்தது. யாரும் குனியவில்லை. யாருடைய கையும் நீளவில்லை.

குழந்தை என் மடியிலிருந்து எழும்பியது. நான் பிடித்த பிடியை என் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஒருவர் இடுப்பில் உட்காரும் உயரத்தில் கால்களை ஆட்டிக்கொண்டு, அழுகையை நிறுத்திவிட்டு, அவள் பந்தலைத் தாண்டிப் போனாள். பிரகதாம்பாள் கூடவே நடந்து, சந்தனக் கிண்ணத்தில் தொட்டு அந்த மொட்டைத் தலையில் தடவிவிட்டாள். தெருக்காரர்கள் பிரகதாம்பாளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நடக்க இடம் விட்டு ஒதுங்கினார்கள்.

நான் மடியில் கிடந்த மயிரைக் கூட்டி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அதை மட்டும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.